மூன்றாவது சர்வரில் இரண்டு வரிகள்

மருத்துவமனையின் கணினிப் பிரிவில் அவளுக்குச் சட்டாம்பிள்ளை என்று பெயர். முதுகுக்குப் பின்னால்தான், முகத்துக்கு நேரே சொல்ல யாருக்கும் தைரியம் கிடையாது. சர்வரில் யார் எதைத் தொட்டாலும் நோட்டில் எழுத வேண்டும், எழுதாமல் தொட்டவருக்கு வேலை இல்லை என்பது அவள் போட்ட சட்டம். வெறும் மிரட்டலில்லை. இரண்டு வருடத்துக்கு முன், தன் கீழே வேலை பார்த்த ஒல்லியை அப்படித்தான் வீட்டுக்கு அனுப்பினாள்.

அன்று மருந்தகத்தில் அரை நாள் மருந்து லேபிள் அச்சாகவில்லை. நோயாளிகளின் வரிசை வாசல் தாண்டி நின்றது. கடைசியாகக் கைவைத்தவரை மட்டுமே காட்டும் பழைய மென்பொருள், மூன்றாவது சர்வரில் ஒல்லியைக் காட்டியது. நோட்டில் அவன் எழுதியிருக்கவில்லை. "சரிபண்ணத்தான் தொட்டேன் அக்கா, கெடுத்தது நான் இல்ல" என்று அவன் தலைகீழாக நின்றும் அவள் மசியவில்லை.

இந்த ஞாயிறு காலை, கூட்டமில்லாத நேரம் பார்த்துப் புதிய மென்பொருளை ஏற்ற உட்கார்ந்தாள். நான்கு சர்வர்களையும் ஒரே மூச்சில் மாற்றச் சொன்னார் மேலாளர். அவள் கேட்கவில்லை. ஒன்றை மட்டும் வேலையிலிருந்து விலக்கி, மாற்றி, சோதித்து, திரும்பச் சேர்த்த பிறகுதான் அடுத்தது.

"பாதி பழசு, பாதி புதுசு. ஆத்துல ஒரு கால், சேத்துல ஒரு கால்."

"ஒரு கால் வழுக்கினாலும் இன்னொண்ணு நிக்கும் சார்."

இரண்டு சர்வர்கள் சமர்த்தாக ஏறின. மூன்றாவது பாதியில் நின்றது. புதிய மென்பொருள் ஏறுமுன் பழைய பதிவுகளைத் துருவி, கையால் செய்த மாற்றங்களை ஆளும் தேதியுமாகக் காட்டும். தொடரலாமா என்று கேட்கும். தொடர்ந்தால் பட்டியல் அழிந்துவிடும்.

இரண்டு வருடத்துக்கு முந்தைய இரண்டே வரிகள். மறுநாள் சரிசெய்தது ஒல்லி. முதல் நாள் கெடுத்தது அவள்.

தேதியைப் பார்த்ததும் நினைவு வந்தது. அப்பாவுக்கு அறுவை சிகிச்சை நடந்த நாள். லேபிள் சின்னதாக இருக்கிறது என்று மருந்தகத்திலிருந்து கூப்பிட, தாழ்வாரத்தில் நின்றபடியே போன் வழியாகச் சர்வருக்குள் புகுந்து ஓர் எண்ணை மாற்றினாள். நோட்டில் எழுதவில்லை. மறுநாள் காலை சர்வரை அணைத்துப் போட்டதும் அந்த எண் தன் வேலையைக் காட்டியிருக்கிறது. அவளுக்கு அது சுத்தமாக மறந்தே போயிருந்தது. வெட்கமாக இருந்தது, அதைவிடப் பயமாக இருந்தது. அவள் சட்டப்படி இனி அவளுக்கும் இங்கே வேலை இல்லை.

"மூணாவது என்னம்மா ஆச்சு?" அடுத்த மேசையிலிருந்து மேலாளர்.

"ஒரு நிமிஷம் சார்."

ஒரு தட்டு தட்டினால் தடயமே இருக்காது. விரலும் 'தொடர்' பொத்தான் மேல்தான் இருந்தது. விரலை எடுத்து, பட்டியலை நகல் எடுத்துக்கொண்டு, அப்புறம் தட்டினாள். மதியத்துக்குள் நான்கும் முடிந்தன. படிக்கட்டுக்கு வந்து ஒல்லியைப் போனில் கூப்பிட்டு, நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள்.

"தப்பு என் மேலதான். மன்னிச்சிடு தம்பி."

"என்னை அனுப்பினப்ப ஆஸ்பத்திரி முழுக்க மெயில் போட்டீங்க அக்கா. என் மாமனாரும் அங்கதான் வேலை பாக்கறார், அவரும் படிச்சார். இதை மட்டும் என் காதுல சொல்றீங்க."

மேசைக்குத் திரும்பினாள். அன்று மெயில் போட்ட அதே முந்நூற்றுப் பன்னிரண்டு பேர். நகலை இணைத்து, "சர்வரில் எழுதாமல் கைவைத்தது நான்" என்று தொடங்கி எழுதி அனுப்பினாள். அடுத்த மேசையில் மேலாளரின் கணினி 'டிங்' என்றது.