வசந்தை ஏன் இறக்கவில்லை?

அரையிறுதியில் ஏற்காடு அணி இரண்டு கோல் வாங்கித் தோற்றது. பயிற்சியாளர் ஜாபெஸ் மைதானத்தை விட்டு வெளியே வருவதற்குள் சத்யராஜ் மைக்கை நீட்டிவிட்டான். ஊர்ச் செய்திகளை யூடியூபில் போடுகிறவன். மலையில் அவன் சேனல் ஓடாத போன் கிடையாது.

“ஏனுங்க கோச், பதினோரு கோல் அடிச்ச வசந்தைக் கடைசி வரைக்கும் உக்கார வெச்சுட்டீங்களே?”

“அது என் முடிவுங்க.”

“உங்களுக்குள்ள ஏதாச்சும் சண்டைங்களா?”

காரணம் ஜாபெஸின் நாக்கு நுனியில் நின்றது. வசந்துக்கு வலது முட்டி வீங்கியிருந்தது. மூன்று வாரத்தில் போலீஸ் தேர்வு ஓட்டம். ‘வெளிய தெரிஞ்சா மெடிக்கல்ல தோண்டுவாங்க சார், ஊட்டுல கூடச் சொல்லல’ என்று முந்தின நாள் கையைப் பிடித்துக் கெஞ்சியிருந்தான். இவரும் வாக்குக் கொடுத்துவிட்டார்.

“ஆட்டம் தெரியாதவங்ககிட்ட என்னத்தப் பேசறது?” என்று வெடித்துவிட்டு நடந்தார்.

சாயங்காலம் சேனலில் அந்த ஒரு வரிதான் ஓடியது. ‘ரசிகர்களுக்கு ஆட்டம் தெரியாது: கோச் திமிர்ப் பேச்சு.’ ரசிகர்களைப் பற்றி அவர் பேசவே இல்லை. யாரிடம் போய்ச் சொல்வது? மறுநாள் ஒண்டிக்கடை முக்கு டீக்கடையில் நின்றபோது, போன வருஷம் அவரைத் தோளில் தூக்கி ஆடிய செங்கோடன், “ஆட்டம் தெரியாதவங்க நாங்க. பக்கத்துல நிக்கலாமுங்களா?” என்றான். கடையே சிரித்தது. ஜாபெஸ் பாதி டீயை வைத்துவிட்டு வந்துவிட்டார்.

அடுத்த சில மாதங்களும் இப்படியே போயின. வசந்த் ஓட்டத்தில் தேறினான். மெடிக்கலும் முடிந்து வேலை உத்தரவு வந்தது. பஸ் ஸ்டாண்டில் அவனுக்கு மாலை போட்டார்கள். இனிமேல் மறைக்க ஒன்றுமில்லை, இன்றைக்குச் சொல்லிவிடுவான் என்று ஜாபெஸும் கூட்டத்தோரம் போய் நின்றார்.

“கோச் ஒதுக்குனப்ப மனசு எப்படி இருந்துச்சு?” சத்யராஜ் கேட்டான்.

வசந்த் ஜாபெஸைப் பார்த்தான். பிறகு கேமராவைப் பார்த்தான்.

“கஷ்டமாத்தான் இருந்துச்சுங்க. அதையும் தாண்டி வந்துட்டேன்.”

கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

மாலையைக் கழற்றிவிட்டு வசந்த் அவரைத் தேடி மைதானத்துக்கு வந்தான். “அத்தன பேர் முன்னால வாய் வரலீங்க சார். நொம்பத் தப்புதானுங்க.”

“நாளைக்குச் சொல்றியா?”

வசந்த் குனிந்து ஷூ லேஸை இழுத்துக் கட்டினான்.

ஜாபெஸுக்கு ஓர் அறை விடலாம் போலிருந்தது. “ட்ரெய்னிங்ல முட்டியப் பாத்துக்க. கெளம்பு சாமி,” என்றார்.

அவன் போன கையோடு சத்யராஜ் போனில் வந்தான். “ராஜினாமா பண்றீங்கன்னு ஊரே பேசுதுங்களே?”

“பண்ணலீங்க,” என்று சொல்லிப் போனை வைத்தார். அன்றைய பயிற்சிக்குப் பதினாறு பேரில் ஒன்பது பேர்தான் வந்திருந்தார்கள். விசிலை எடுத்து, தேவைக்கு மேல் ஓங்கி ஊதினார்.