காத்திருந்த மட்டை

வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம் என்று சொல்லி வைத்தவர் டென்னிஸ் ஆடியிருக்க மாட்டார். ஆடியிருந்தால், நன்றாக ஆடத் தெரிந்தவர்கள்தான் மட்டையைப் பற்றி அதிகம் புலம்புவார்கள் என்பது அவருக்குத் தெரிந்திருக்கும். புதிதாகக் கற்றுக்கொள்கிறவனுக்கு எந்த மட்டையும் ஒன்றுதான். பந்து பட்டாலே அவனுக்குச் சந்தோஷம். தேர்ந்த ஆட்டக்காரன் கையில் கொடுத்துப் பாருங்கள். தலை கனக்கிறது என்பான், கழுத்து துவள்கிறது என்பான், பந்து நரம்பில் பட்டதே தெரியவில்லை என்பான். எந்த மாமியாரும் மருமகளிடம் இத்தனை குறை கண்டுபிடித்ததில்லை.

அப்படிப்பட்டவர்களுக்கு மட்டை செய்வதுதான் என் வேலை. பட்டறையின் மேல்மாடியில் என் அறை. ஒரு நீள மேசை, கார்பன் இழைத் தாள்களை வெட்டும் கத்தி, அவற்றைச் சுருட்டி வைத்து அழுத்தும் இரும்பு அச்சு, அச்சைச் சூடேற்ற அடுப்பு மாதிரி ஒரு பெட்டி. தலையில் ஒரு தாளைக் கூட்டினால் மட்டை முரடாகும், குறைத்தால் இளகும். வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. மட்டையும் மனுஷன் மாதிரிதான், பழகினால்தான் குணம் புரியும்.

மதியம் சாப்பிட்ட பிறகு அந்தப் பெட்டியின் கதகதப்பில் எனக்குக் கண் செருகும். வேலை நேரத்தில் தூங்குகிறான் என்று கீழே பேசிக்கொள்வார்கள். பேசட்டும். அந்த அரைத் தூக்கத்தில்தான் எனக்கு ஒரு கை தெரியும். முகம் இருக்காது. தோள், முழங்கை, மணிக்கட்டு, அவ்வளவுதான். தண்ணீருக்குள் நகர்வதுபோல அந்தக் கை பின்னாலிருந்து மெதுவாக வரும். பந்து அதற்கு முன்பே வந்துவிட்டிருக்கும். கைக்கு அவசரமே இருக்காது. மட்டை பந்தை ஒரு கணம் தன் மேல் உட்கார வைத்துக்கொண்டு, கை வந்து சேர்ந்ததும் அனுப்பி வைக்கும். சத்தம்கூட மெத்தென்று இருக்கும். விழித்ததும், கனவு கலைவதற்குள், தலையில் ஒரு தாளைக் குறைப்பேன், கழுத்துக்குக் கீழே ஒன்றைக் கூட்டுவேன். தேர்ந்தவனுக்கு அவசரம் இருக்காது என்பது என் சித்தாந்தம். ஆகவே அது ஒரு மகா ஆட்டக்காரனின் கை என்றே நம்பினேன்.

அந்தக் கைக்காகவே ஒரு மட்டை செய்தேன். எங்கள் மேலாளர் அதைத் தூக்கிப் பார்த்தார். எதைக் கொடுத்தாலும் முதலில் உள்ளங்கையில் வைத்து எடை பார்ப்பார் என்பதால் அவருக்குத் தராசு என்று பெயர் வைத்திருந்தோம்.

"இதுக்கு முன்னாடி நீங்க செஞ்ச ரெண்டுமே தேறல," என்றார். "இதுவும் தேறலைன்னா கீழ போயிடுங்க. குழந்தைங்க மட்டைக்கு ஆள் வேணும்."

கீழே அலுமினியக் குழாயை வளைத்து, பொம்மைப் படம் ஒட்டி, பெட்டியில் போட்டு அனுப்புவார்கள். கேவலமான வேலை இல்லை. ஆனால் அங்கே போனால் எனக்கு அந்தக் கை வராது. அந்தப் பயத்தில் அன்று முழுவதும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

எங்கள் பட்டறையில் சோதனை ஆட்டம் நடக்கும் விதம் இது. சோதிக்கிற மட்டைகளுக்கெல்லாம் ஒரே கறுப்புச் சாயம் அடித்துவிடுவார்கள். பெயர் கிடையாது, பிடியின் அடியில் ஒரு வண்ணப் பொட்டு மட்டும். எது யார் செய்தது என்று ஆடுகிறவர்களுக்குத் தெரியக் கூடாது. செய்தவன் ஓரத்து பெஞ்சில் உட்கார்ந்து பார்க்கலாம், வாய் திறக்கக் கூடாது. ஆடுகிறவர்கள் மூன்று பேர். அதில் இரண்டு பேர் சரி என்றால் மட்டை தேறும்.

மூவரில் ஒருத்தி என் மனைவி.

சிபாரிசு என்று நினைக்க வேண்டாம். நான் இங்கே சேருவதற்கு முன்பே அவள் இங்கே ஆடிக்கொண்டிருந்தாள். கோப்பைகள் வாங்கியவள். அதைவிட, பொய் சொல்ல வராதவள். ஆசையாக ஒரு புதுச் சட்டை போட்டுக்கொண்டு நின்றால், பழசே தேவலை என்று சொல்லிவிட்டுப் போவாள். வீட்டில் நான் மட்டைப் பேச்சை எடுத்தால் எழுந்து அடுத்த அறைக்குப் போய்விடுவாள். கொஞ்ச காலமாக அவள் எந்த மட்டையையும் சரி என்று சொல்லவில்லை. ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்தாள். ரசனை கூடிவிட்டது என்று பட்டறையில் பெருமையாகச் சொன்னார்கள். நானும்தான் சொன்னேன்.

எங்கள் ஆடுகளத்துக்கு மேலே பால் நிறத்தில் கூரைத் தகடு. வெயில் அதன் வழியாக வடிந்து இறங்கும்போது நிழலே விழாது. காற்றும் இல்லாததால் காலடிச் சத்தமும் பந்துச் சத்தமும் எங்கிருந்தோ வருவதுபோல இருக்கும். அங்கே உட்கார்ந்தால் எனக்கு எப்போதும் பாதித் தூக்கத்தில் இருக்கிற நினைப்புதான். சோதனை அன்று காலையும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன்.

முதலில் குதிரைவால். இருபது வயதுப் பெண், தூக்கிக் கட்டிய கூந்தல் அவளுக்கு முன்னால் பந்திடம் போய்ச் சேரும். கறுப்பு மட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து ஆடினாள். மூன்றாவதில் முதல் பந்து பட்டதுமே அது என்னுடையது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அதே மெத்தென்ற சத்தம். பெற்ற பிள்ளை கூட்டத்தில் இருமினாலும் தெரியாதா?

ஆனால் அவள் பந்துகள் கோட்டைத் தாண்டித் தாண்டி விழுந்தன. அவள் பந்தை உடம்புக்கு வெகு முன்னாலேயே பிடித்து, மட்டையின் தலைப்பகுதியால் வீசி அடிக்கிறவள். அங்கேதான் நான் தாளைக் குறைத்திருந்தேன். மட்டை அவள் கையில் நடுங்கியது. ஆத்திரத்தில் இன்னும் வேகமாக அடித்தாள், பந்து இன்னும் தள்ளிப் போய் விழுந்தது. முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று மனசுக்குள் திட்டினேன். பாவம், அந்தப் பெண்மேல் தப்பே இல்லை.

அடுத்தது இடக்கை. வலைக்குப் பக்கத்தில் நின்று பூனையை வருடுவதுபோலப் பந்தைத் தொட்டுப் போடுகிறவன். என் மட்டையை எடுத்ததும் சிரித்தான். பந்து வலையைத் தாண்டி இரண்டடியில் விழுந்து அங்கேயே அடங்கியது. அவன் சரி என்பான் என்று தெரிந்தது.

பிறகு என் மனைவி வந்தாள். இடக்கை எதிர்ப்பக்கம் போய் அவளுக்குப் பந்து அனுப்பினான். முதல் இரண்டு மட்டைகளிலும் அவள் உதட்டைக் கடித்துக்கொண்டே ஆடினாள். பந்து வலையில் மோதியது, ஓரத்தில் பட்டுத் தெறித்தது. மூன்றாவதை எடுத்து ஒரு பந்து அடித்தாள். நின்றாள். மட்டையைத் திருப்பிப் பார்த்தாள், கறுப்பைத் தவிர அதில் ஒன்றும் இல்லை. மறுபடி அடித்தாள்.

அதற்குப் பிறகு நடந்ததை எப்படிச் சொல்வது? களம் நீண்டுகொண்டே போனது போல இருந்தது. பந்து வருவதற்கு எத்தனையோ நேரம் எடுத்துக்கொண்டது, போவதற்கும் அப்படியே. அவள் எங்கேயும் ஓடியதாகவே தெரியவில்லை, ஆனால் எங்கே பந்து வந்ததோ அங்கே இருந்தாள். மெத், மெத் என்று அந்தச் சத்தம். பந்து மூலையில் விழுந்தது, அதே மூலையில் மறுபடி விழுந்தது. இடக்கை விளையாட்டை விட்டுவிட்டு நிஜமாகவே ஓடத் தொடங்கினான். குதிரைவால் தண்ணீர் குடிக்கத் திறந்த பாட்டிலை மூட மறந்து நின்றாள். தராசு நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். நான் பார்த்துக்கொண்டிருந்தது அவள் ஆட்டத்தை அல்ல, அந்தக் கையை. தோள், முழங்கை, மணிக்கட்டு. பின்னாலிருந்து மெதுவாக, தண்ணீருக்குள் நகர்வதுபோல.

கனவில் முகம் இல்லாமல் வந்தது இவள் கைதான். கட்டின மனைவியின் கையை அடையாளம் தெரியாமல் ஒரு வருஷம் தூங்கியிருக்கிறேன். வெட்கமாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. இனிமேல் என்ன, மட்டை தேறிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

தராசு மூன்றாவது மட்டையைப் பற்றிக் கேட்க மூவரையும் மேசைக்குக் கூப்பிட்டார்.

"எனக்கு ஓகே," என்றான் இடக்கை. "கைக்கு வெண்ணெய் மாதிரி இருக்கு."

"எனக்கு வேண்டாம்," என்றாள் குதிரைவால். "பந்து எங்க போகுதுன்னே தெரியல. நான் அடிச்சு முடிச்சப்புறமும் அது இன்னும் யோசிச்சுக்கிட்டு இருக்கு."

தராசு சிரித்துக்கொண்டே என் மனைவி பக்கம் திரும்பினார். "உங்களைக் கேக்கவே வேண்டியதில்ல. இருந்தாலும் சொல்லிடுங்க."

அவள் பிடியிலிருந்த வியர்வையைத் துண்டால் துடைத்தாள். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள்.

"வேண்டாம்," என்றாள்.

எனக்குக் காது சரியில்லையோ என்று தோன்றியது. தராசுக்கும் தோன்றியிருக்க வேண்டும்.

"என்னம்மா சொல்றீங்க? இப்பதானே அப்படி ஆடினீங்க."

"ஆடினேன். இந்த மட்டை லேட்டா வர்ற கைக்குச் செஞ்சது. அப்படிப்பட்ட கைக்கு இதைவிட நல்ல மட்டை கிடையாது. ஆனா நீங்க கேக்குறது அது இல்லையே. நல்லா ஆடுறவங்களுக்குச் சரியா வருமான்னுதானே கேக்குறீங்க? அவங்க கை லேட்டா வராது. இந்தப் பொண்ணு மாதிரி முன்னாடியே வந்துடும். அவங்க கையில இது நடுங்கும்."

"அப்போ உங்க கை?"

குதிரைவால் தரையைப் பார்த்தாள்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்ன கதைதான்," என்றாள். "கொஞ்ச நாளா நானும் எல்லா மட்டையையும் கோணல்னு சொல்லிக்கிட்டே இருந்தேன். கோணல் எங்கன்னு இன்னைக்குத்தான் தெரிஞ்சது. அடுத்த சோதனைக்கு வேற ஆளைப் பாருங்க சார். நான் வரல."

அவள் குரலில் நடுக்கம் இல்லை. பேசி முடித்ததும் மட்டையை மேசைமேல் சத்தம் வராமல் வைத்தாள். தராசு அதைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு, எதுவும் தோன்றாமல் திரும்ப வைத்தார். போகிறபோது என் தோளைத் தொட்டு, "திங்கக்கிழமை கீழ வந்துடுங்க, எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு," என்றார். மற்ற இருவரும் பின்னாலேயே போனார்கள்.

இப்போது வாய் திறக்கலாம். திறந்தேன்.

"சரின்னு ஒரு வார்த்தை. சொல்லியிருந்தா உன் நாக்கு அழுகிடுமா? நான் என்ன ஆவேன்னு தெரியுமில்ல உனக்கு?"

"தெரியும்."

"உனக்கும் வேலை போச்சு, எனக்கும் போச்சு. ஊரே பாத்துது, நீ அதை வெச்சு ஆடினதை."

"கத்தாதீங்க." பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்து காலணிக் கயிற்றைத் தளர்த்தினாள். "இது நீங்க செஞ்சதுன்னு ரெண்டாவது பந்துலயே தெரிஞ்சுபோச்சு. எங்க பிந்துவேனோ அங்கல்லாம் அது காத்துக்கிட்டு நின்னுது. யாரோ கூடவே இருந்து பாத்தமாதிரி. எப்ப இருந்து உங்களுக்குத் தெரியும்?"

"என்னது?"

"என் கை தளந்துபோச்சுன்னு."

என் கோபம் போன இடம் தெரியவில்லை.

"தெரியாது," என்றேன். "சத்தியமா தெரியாது. மத்தியானம் தூங்குறப்ப ஒரு கை வரும். அதைப் பாத்து செஞ்சேன். எவனோ பெரிய ஆட்டக்காரன்னு நினைச்சேன்."

"முகத்தைப் பாக்கலையா?"

"முகம் வரலையே."

அவள் சிரித்தாள். தலையைக் குனிந்துகொண்டு, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். குலுங்கல் நிற்காதபோதுதான் அழுகிறாள் என்று தெரிந்தது. எனக்கு ஆறுதல் சொல்ல வராது. துண்டை எடுத்துக் கொடுத்தேன். அவள் அதில் முகத்தைப் புதைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தாள். இவள் ஆடாமல் நான் எப்படி இவளைப் பார்ப்பேன் என்று எனக்குப் பயமாக இருந்தது. அலுமினியக் குழாயைவிட அதுதான் பெரிய பயமாக இருந்தது.

பிறகு எழுந்து போய் மேசையிலிருந்த மட்டையை எடுத்துக்கொண்டாள். காலணிக் கயிற்றைக் கட்டினாள். பந்துக் கூடையைக் காலால் என் பக்கம் தள்ளினாள்.

"பந்தைப் போடுங்க."

"எனக்கு ஆட வராதே."

"யாரு உங்களை ஆடச் சொன்னா? போடுங்க."

வலைக்கு அந்தப் பக்கம் போய் நின்றேன். கூரையிலிருந்து வெளிச்சம் ஒரு சீராக இறங்கிக்கொண்டிருந்தது. அவள் தூரத்தில், கோட்டுக்குப் பின்னால், கொஞ்சம் முன்னால் குனிந்து நின்றாள். கூடையிலிருந்து ஒரு பந்தை எடுத்து, பார்த்து, பக்குவமாக, அவளுக்கு எட்டுகிற மாதிரி மெதுவாகப் போட்டேன்.

அவள் மட்டையைத் தூக்கவே இல்லை. பந்து அவளைத் தாண்டிப் போய்ச் சுவரில் முட்டி நின்றது.

"இரக்கப்பட்டுப் போடாதீங்க," என்றாள். "வேகமாப் போடுங்க. எனக்கு நேரம் குடுக்கறதை மட்டை பாத்துக்கும்."

அடுத்த பந்தை எடுத்து, என் கையில் இருந்த பலத்தையெல்லாம் கூட்டி அவளைப் பார்த்து வீசினேன்.