ஒன்பதாவது மாடித் தர்பூசணி

தன்னை அவசரப்படுத்துகிறவர்களை ரஞ்சிதத்துக்குப் பிடிக்காது. பதினெட்டு வருஷமாகப் பஸ் ஓட்டுகிறவள். பின்னால் எத்தனை கார் ஹாரன் அடித்தாலும், ஏறின வயசானவர் உட்கார்ந்த பிறகுதான் வண்டியை நகர்த்துவாள். டிப்போவில் ஏன் பிந்தியது என்று கேட்டால் அதையே பதிலாகச் சொல்லிவிட்டுப் போய்விடுவாள்.

அப்படிப்பட்டவள் போன வருஷம் ஒரே ஒரு தடவை மற்றவர்கள் பேச்சுக்கு இணங்கிவிட்டாள். சிங்கப்பூரில், புக்கிட் பாத்தோக் வட்டாரத்தில் ஒன்பதாவது மாடி வீடு. வாசலுக்கு வெளியே எல்லாரும் நடக்கிற காரிடாரில் தொட்டி வைத்து, தேக்கா சந்தையில் வாங்கிய விதையைப் போட்டுத் தர்பூசணி வளர்த்தாள். காய் ஒரு தேங்காய் அளவுக்கு வந்திருந்தபோது நாத்தனார் வந்தாள். இவ்வளவு பெரிசானதை இன்னும் எதற்குக் கொடியில் விட்டு வைத்திருக்கிறாய் என்றாள். ரஞ்சிதத்தின் கணவர் தங்கராஜுவும் அக்காவோடு சேர்ந்துகொண்டார். வெட்டிப் பார்த்தால் உள்ளே வெளிறிப்போய்க் கிடந்தது. வெள்ளரிக்காயாவது கொஞ்சம் ருசிக்கும். மாங்காய் என்றால் அரிசிக்குள் வைத்துப் பழுக்க வைக்கலாம். தர்பூசணி கொடியை விட்டுப் பிரிந்தால் பிரிந்ததுதான், அதற்குமேல் இனிப்பு ஏறாது. நாத்தனார் ஒரு துண்டோடு நிறுத்திக்கொண்டாள். மிச்சத்தை ரஞ்சிதம் சாம்பாரில் போட்டாள். மூன்று நாள் வீட்டில் யாரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

இந்த வருஷம் மறுபடியும் போட்டாள். பெண் பூ விரிந்த காலையில் அவளுக்கு லீவு. ஆண் பூ ஒன்றைப் பறித்து அதன் மகரந்தத்தைப் பெண் பூவில் தடவி, காம்பில் ஒரு நூலைக் கட்டித் தேதி எழுதிய சீட்டைத் தொங்கவிட்டாள். நாலு பூவுக்கு அப்படிச் செய்ததில் மூன்று பிஞ்சிலேயே மஞ்சளாகி உதிர்ந்தன. ஒன்று நின்றது. நாற்பது நாள் ஆகும்வரை அதை யாரும் தொடக்கூடாது என்று வீட்டில் சொல்லி வைத்தாள்.

இருபத்திரண்டாம் நாள் வேலை முடிந்து வந்தபோது தொட்டியில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தது. நடைவழிக்கு இடைஞ்சலாக இருப்பதாகப் புகார் வந்திருக்கிறது, பதினாலு நாளுக்குள் எடுத்துவிட வேண்டும் என்று நகர மன்றம் எழுதியிருந்தது.

தங்கராஜு வம்புக்குப் போகாத மனுஷர். காயைப் பறித்துவிட்டுத் தொட்டியைக் கீழே கொண்டு போட்டுவிடலாம் என்றார். ரஞ்சிதம் விரலை மடக்கி எண்ணினாள். பதினாலு நாள் முடியும்போது காய்க்கு முப்பத்தாறு நாள்தான் ஆகியிருக்கும்.

"பறிக்கமாட்டேன்," என்றாள். "போன தடவை உங்க பேச்சக் கேட்டேன். இந்தத் தடவை காய் பழுத்தாத்தான்."

அன்று சாயங்காலமே ஒரு வெள்ளைத் தாளில் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி, அந்த நோட்டீசுக்குக் கீழேயே ஒட்டினாள். 'இந்தக் காய் இன்னும் பழுக்கவில்லை. பழுத்ததும் எடுப்பேன். புகார் சொன்னவர் கதவைத் தட்டி என்னிடமே சொல்லலாம். ரஞ்சிதம்.' மானம் போகிறது என்று தங்கராஜு இரண்டு நாள் லிப்டுக்குப் போகாமல் படியிலேயே இறங்கினார்.

மூன்றாம் நாள் கதவு தட்டப்பட்டது. நாலு வீடு தள்ளி இருக்கும் ஜரீனா நின்றாள்.

"நான்தான் புகார் கொடுத்தேன்," என்றாள். முகத்தில் கொஞ்சமும் தயக்கம் இல்லை.

அவள் கணவர் சாகுல் ஹமீது பக்கவாதம் வந்து சக்கர நாற்காலியில் இருக்கிறவர். வாரம் இரண்டு தடவை அவரைச் சிகிச்சைக்குத் தள்ளிக்கொண்டு போக வேண்டும். கொடி தரையில் படர்ந்திருந்ததால் ஒவ்வொரு தடவையும் சக்கரத்தைத் தூக்கி வளைத்துத்தான் போக வேண்டியிருந்ததாம். போன வாரம் அவருடைய கால் தொட்டியில் இடித்துத் தோல் உரிந்துவிட்டது.

"எங்கிட்ட வந்து சொல்லியிருக்கலாமே," என்றாள் ரஞ்சிதம்.

"சொன்னா நீங்க எடுத்திருப்பீங்களா?"

ரஞ்சிதம் பொய் சொல்லவில்லை. "எடுத்திருக்கமாட்டேன். ஆனா வழி விட்டிருப்பேன். இப்பவும் விடுறேன். காயை மட்டும் பறிக்கமாட்டேன்க்கா."

ஜரீனா திரும்பிப் போய்விட்டாள். அந்தக் கால் காயம் ரஞ்சிதத்தை உறுத்தியது. மறுநாள் தொட்டியைச் சுவரோடு சுவராக ஒட்டி நகர்த்தினாள். கொடியை ஒடியாமல் மெல்லத் தூக்கி ஜன்னல் கம்பியில் ஏற்றிக் கட்டினாள். கனத்தில் காம்பு அறுந்துவிடாமல் இருக்கப் பழைய துப்பட்டாவைத் தூளி மாதிரிக் கட்டிக் காயை அதில் உட்கார வைத்தாள். பிறகு ஜரீனா வீட்டு வாசலில் போய் நின்று, நாற்காலியை ஒரு தடவை தள்ளிப் பார்க்கச் சொன்னாள். சாகுல் ஹமீது எங்கும் இடிக்காமல் லிப்டு வரை போய்த் திரும்பினார்.

முப்பத்தாறாம் நாள் காலையில் இரண்டு ஆட்களோடு அதிகாரி வந்தார். அகிலன் என்று சட்டையில் பெயர் இருந்தது, சின்ன வயசு. கெடு முடிந்துவிட்டது, எடுத்தாக வேண்டும் என்று மரியாதையாகத்தான் சொன்னார். ரஞ்சிதம் சீருடையோடு தொட்டிக்கு முன்னால் நின்றாள். முதலில் வழியை அளந்து பாருங்கள் என்றாள். அவர் டேப்பைப் போட்டு அளந்தார், போட்டோ எடுத்தார். வழி போதுமான அகலம்தான், ஆனால் புகார் இன்னும் இருக்கிறதே என்றார்.

"புகார் கொடுத்தது நான்," என்று பின்னாலிருந்து குரல் வந்தது. ஜரீனா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு நேராக அவர்களைத் தாண்டிப் போனாள். போகிற போக்கில், "இப்ப வழி இருக்கு. அத எழுதிக்குங்க," என்றாள்.

அகிலன் எழுதிக்கொண்டார். மேலிடத்தில் சொல்கிறேன், அவர்கள் ஒப்புக்கொள்ளாவிட்டால் திரும்ப வருவேன் என்றார். வாங்க, நான் இங்கேதான் இருப்பேன் என்றாள் ரஞ்சிதம்.

அவர் திரும்ப வரவில்லை. அதற்குப் பிறகு காய்க்காகக் காத்திருப்பதுதான் கஷ்டமாக இருந்தது. தரையில் கிடக்கும் காய் என்றால் அடிப்பக்கம் வெண்ணெய் மாதிரி மஞ்சளாவதைப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம். தூளியில் தொங்கும் காய்க்கு அந்த அடையாளம் சரியாக வராது. காம்பை ஒட்டிக் கொடியில் கம்பி மாதிரி சுருண்டிருக்கும் பற்றுச்சுருள் காய்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும். நாற்பதாம் நாளும் அது பாதிப் பச்சையாக இருந்தது. இன்றைக்கு வெட்டினால் என்ன என்று தங்கராஜு கேட்டார். அவள் துப்பட்டா முடிச்சைச் சரிபார்த்துவிட்டு வேலைக்குக் கிளம்பினாள்.

நாற்பத்துமூன்றாம் நாள் சுருள் அடி வரை பழுப்பேறி, தொட்டதும் நொறுங்கியது. தோலில் இருந்த பளபளப்பு மங்கியிருந்தது. தட்டினால் டங்கென்று கேட்ட சத்தம் இப்போது அமுங்கித் தொம்மென்று கேட்டது. ரஞ்சிதம் காம்பை வெட்டினாள்.

வீட்டுக்குள் கொண்டுபோகவில்லை. காரிடாரிலேயே தாளை விரித்துக் கத்தியை வைத்தாள். பாதி தூரம் இறங்குவதற்குள் காய் தானே பிளந்துகொண்டது. தோல் வரைக்கும் சிவப்பு. தங்கராஜு ஒரு துண்டைக் கடித்துவிட்டு வாயைத் துடைக்காமலே இன்னொன்றை எடுத்தார். ரஞ்சிதம் ஒரு தட்டு நிறைய எடுத்துக்கொண்டு நாலு வீடு தள்ளிப் போனாள். சாகுல் ஹமீது நல்ல கையால் வாங்கிச் சாறு ஒழுக ஒழுகச் சாப்பிட்டார்.

"அடுத்த தடவையும் மேலயே ஏத்திக் கட்டுங்க," என்றாள் ஜரீனா.

"கட்டுறேன். நீங்களும் அடுத்த தடவை கதவைத் தட்டுங்க."

யாரும் யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை. ஜரீனா விதையைத் துப்பிவிட்டு இரண்டாவது துண்டுக்குக் கை நீட்டினாள்.