துளசிங்கம் பிடிக்காத மறு நுனி

ஒல்லாந்தர் பழவேற்காட்டை இங்கிலீஷ்காரரிடம் ஒப்படைத்துவிட்டுப் போகப்போகிறார்கள் என்று பேச்சு வந்ததும், மற்றவர்களெல்லாம் வழக்கம்போல மீன் பிடிக்கப் போனார்கள். துளசிங்கம் மட்டும் இங்கிலீஷ் படிக்கப் போனான். ஒல்லாந்தர் கிடங்கில் பேச்சை மாற்றிச் சொல்லும் துபாஷியாக இருந்தவன். ஒல்லாந்தர் பாஷை இனி உப்புக்குப் பெறாது என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. புதுத் துரை வந்து ஆள் எடுக்கும் நாளும் குறித்தாகிவிட்டது.

சொல்லிக்கொடுத்தவன் திருவேங்கடம். சென்னப்பட்டணத்தில் குமாஸ்தாவாக இருந்து திரும்பியவன், துளசிங்கத்துக்குக் கூட்டாளி. இரண்டு பேரை 'அண்ட்' போட்டுச் சேர்த்துவிட்டால் அதற்குமேல் 'இஸ்' உதவாது, 'ஆர்' போடவேண்டும் என்றான். ஒல்லாந்தர் பாஷையிலும் இதே கதைதான் என்பதால் இது துளசிங்கத்துக்குச் சட்டென்று பிடிபட்டது. பிடிபட்டதுதான் வினை. காக்கையையும் நண்டையும் சேர்த்தான், கிடங்கையும் கழுதையையும் சேர்த்தான். கண்ணில் பட்ட எதையும் தனியாக இருக்க விடவில்லை.

ஏரியில் எந்த இடத்தில் யார் வலை போடுவது என்பதற்கு முறை உண்டு. அதைப் பாடு என்பார்கள். தன் பாடு வந்த அன்று ஒருவன் போடாமல் விட்டால், முறை மறுபடி சுற்றி வரும்வரை அவன் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். துளசிங்கத்தின் மாமனார் சிங்காரத்துக்கு ஆண்பிள்ளை இல்லை. வலையின் ஒரு நுனியை அவர் பிடித்தால் மறு நுனியை மருமகன் பிடிப்பான் என்பது ஏற்பாடு. அவர் பாடு வந்த அன்று மருமகன் திருவேங்கடத்தின் வீட்டில் உட்கார்ந்து, மாமனாரையும் மருமகனையும் 'அண்ட்' போட்டுச் சேர்த்துக்கொண்டிருந்தான். சிங்காரம் இடுப்பளவு தண்ணீரில் ஒரு நுனியோடு நின்றார். கரையில் எல்லாரும் சிரித்தார்கள்.

துளசிங்கத்தின் மனைவி கஸ்தூரியம்மாள் சிரிக்கவில்லை. துணிகளைச் சுருட்டிக்கொண்டு அப்பா வீட்டுக்குப் போய்விட்டாள். கூப்பிடப் போனவனிடம் வாசலுக்கு வராமலே பதில் சொன்னாள்.

"எங்க நைனா தண்ணில ஒண்டியா நின்னாரு. நீ இங்கிலீஷ்ல யாரோட வேணா சேந்துக்க."

அவள் இல்லாத வீட்டில் அவனுக்குச் சோறு இறங்கவில்லை. பாடமும் இறங்கவில்லை. 'துளசிங்கம் அண்ட் கஸ்தூரி ஆர்' என்று ஆரம்பிப்பான், அதற்குமேல் எழுத ஒன்றும் இருக்காது. திருவேங்கடம் எட்டிப் பார்த்து, இதுவரைக்கும் ஒரு தப்பும் இல்லை என்று மெச்சினான். அவனை உதைக்கலாம் போலிருந்தது.

சிங்காரத்தின் பாடு மறுபடி வந்தது. வந்து நின்றது துரை ஆள் எடுக்கும் அதே நாளில். புதுத் தலைப்பாகையோடு விடியற்காலையிலேயே வந்து நிற்கும்படி திருவேங்கடம் சொல்லியிருந்தான். துளசிங்கம் விடியற்காலையிலேயே போனான், கோவணத்தோடு, ஏரிக்கு. சிங்காரம் அவனை மேலும் கீழும் பார்த்தார். மறு நுனியை நீட்டினார்.

இறால் நன்றாக விழுந்தது. கூறு போட கஸ்தூரியம்மாள் வந்தாள். அந்தக் கரையில் வீட்டுக்கு ஒரு கூறு. யார் எந்த வீட்டில் சாப்பிடுகிறார்கள் என்பதைக் கூறின் அளவே ஊருக்குச் சொல்லிவிடும். அவள் தன்னையும் சேர்த்து அப்பாவுக்குப் பெரியதாக ஒன்று வைத்தாள், புருஷனுக்கு ஓராள் கூறாக ஒன்று வைத்தாள். ஊரார் முன்னால் துளசிங்கம் இனி ஒற்றை ஆள்.

கையைக் கழுவப் போனவள் நின்றாள்.

"தொர வர நாளு இன்னைக்குத்தானே?"

"ஆமா."

"போவலியா?"

"நைனா ஒண்டியா நிப்பாரே."

அவள் திரும்பி வந்து, அப்பாவின் கூறிலிருந்து இரண்டு கையாலும் அள்ளி அவன் கூறில் போட்டாள். இன்னும் ஒரு தரம் அள்ளிப் போட்டாள். சிங்காரம் ஏரிப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவள் புருஷன் கூறு முழுவதையும் கூடையில் வாரினாள்.

"நம்ம ஊட்ல புளி கீதா?"

புளி இல்லை. இருக்கிறது என்று பலமாகத் தலையாட்டிவிட்டு, துளசிங்கம் கூடையின் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டான்.