பிடிப்பு

காலை ஐந்தே முக்காலுக்குக் கண்ணாடி மேஸ்திரி கூடத்தில் முழங்காலில் இருந்தார். கையில் ஈரத்துணி.

வாழ்நாளெல்லாம் அடுத்தவர் வீட்டுக்குத் தரை போட்டவர். அவர் போட்ட தரையில் முகம் பார்த்துத் தலை வாரலாம் என்று யாரோ சொன்னதிலிருந்து அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. கடைசியாகத் தனக்கென்று ஒரு வீடு. வெள்ளை மார்பிளைக் கல் கல்லாகப் பொறுக்கி, தன் கையாலேயே பதித்து, தன் கையாலேயே மெருகேற்றினார். அதன்மேல் மிதியடி போட விடமாட்டார். நாற்காலியை இழுக்க விடமாட்டார். விருந்தாளி எழுந்து போவதற்குள் துணியோடு வந்து நிற்பார்.

சுவரில் ஒன்றும் கிடையாது. மனைவி தாய்வீட்டிலிருந்து கொண்டுவந்த இயேசு படத்தைக் குடிவந்த அன்றே கழற்றிப் பரணில் போட்டுவிட்டார். "படமும் விக்கிரகந்தான். இந்த வீட்டுல வேண்டாம்" என்றார்.

போன மாதம் அவள் இதே தரையில் வழுக்கி விழுந்தாள். கையில் தண்ணீர்ப் பாத்திரம். சத்தம் கேட்டு ஓடிவந்தவர், அவள் கண்மூடிக் கிடப்பதைப் பார்த்தார். அதற்கு ஒரு நொடி முன்பு, பாத்திரம் விழுந்த இடத்தில் கல் சிதறியிருக்கிறதா என்று பார்த்தார். அந்த ஒரு நொடி தன்னோடு போயிற்று என்று நினைத்திருந்தார்.

இடுப்பெலும்பில் ஆபரேஷன். ஆஸ்பத்திரியிலிருந்து மகள் நேராகத் தன் வீட்டுக்கு அவளைக் கூட்டிப்போய்விட்டாள்.

ஃபோன் அடித்தது. மகள்தான்.

"எந்திரிச்சிட்டீங்களாப்பா?"

"எப்பவோ."

"முட்டி போட்டாச்சா?"

"ம்."

"ஜெபத்துக்கா, தரைக்கா?"

அவர் சிரித்தார். "காலங்கார்த்தால அப்பனைக் கிண்டல் பண்ணாதே."

"அம்மா வீட்டுக்கு வரணும்னு ஒத்தைக்கால்ல நிக்கிறாங்க. நிஜமாவே ஒத்தைக்கால்தான்."

"தாராளமா வரட்டும்."

"வழுக்குற தரையில கால் வைக்கவே கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார். இன்னொரு தடவை விழுந்தா அவ்வளவுதான். ரப்பர் விரிப்பு வாங்கி வெச்சிருக்கேன். ஒட்டிடலாம்."

"ஒட்டுறதா? பசை கல்லுக்குள்ள இறங்கிடும்மா. அப்புறம் தலைகீழா நின்னாலும் போகாது."

"ஒட்டாம விரிச்சா வாக்கரோட சேர்ந்து அதுவும் வழுக்கும்."

"அவ இன்னும் கொஞ்ச நாள் உன்கிட்டயே இருக்கட்டுமே. நல்லா நடமாடுற வரைக்கும்."



"அம்மா பக்கத்துலதான் இருக்காங்கப்பா. ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன்."

அவர் காத்திருந்தார். வாக்கர் தரையில் ஊன்றும் சத்தம் மட்டும் கேட்டது. அது தள்ளித் தள்ளிப் போயிற்று.

மாலையில் போதகர் வந்தார். கனத்த உடம்பு. சுவரைப் பிடித்துக்கொண்டே கூடத்துக்குள் நடந்தார்.

"உங்க வீட்டுக்கு வர்றதுன்னா என் காலுக்கும் சேர்த்து ஜெபம் பண்ணிட்டுத்தான் கிளம்புறேன் மேஸ்திரி."

இருவரும் முழங்காற்படியிட்டார்கள். வீடு திரும்ப முடியாமல் இருக்கும் சகோதரிக்காகப் போதகர் ஜெபித்தார். பாதியில் மேஸ்திரி கண்ணைத் திறந்தார். போதகரின் முழங்காலுக்குப் பக்கத்தில் மயிரிழை போல ஒரு கீறல். காலையில் இல்லை. மேஸ்திரி விரலை நாக்கில் தொட்டுக் கீறலைத் தேய்த்தார். ஊதினார். சரியாகப் பார்க்கக் குனிந்தார். இன்னும் குனிந்தார். நெற்றி கல்லில் பட்டது.

கல் குளிர்ந்திருந்தது. உள்ளிருந்து ஒரு கிழவன் அவரைப் பார்த்தான். அவனும் நெற்றியை ஊன்றியிருந்தான்.

"ஆமென்" என்றார் போதகர்.

மேஸ்திரி எழவில்லை.

"என்ன மேஸ்திரி, உடம்புக்கு முடியலையா?"

"ஐயா, நீங்க ஜெபம் பண்ணிக்கிட்டு இருந்தப்ப நான் எதைக் கும்பிட்டுக்கிட்டு இருந்தேன் தெரியுமா?"

போதகர் தரையைப் பார்த்தார். மேஸ்திரியின் விரல் இன்னும் கீறலின் மேல் இருந்தது. போதகர் சுவரைப் பிடித்து எழுந்து போனார்.

மறுநாள் மேஸ்திரி உளியையும் சுத்தியலையும் எடுத்தார். பழைய தரைமேல் புதுத் தரை போடுமுன் பழையதைக் கொத்திவிட வேண்டும். வழவழவென்று இருந்தால் சிமெண்ட் ஒட்டாது. "நல்லாக் கொத்துங்கப்பா, அப்பத்தான் பிடிப்பு வரும்" என்று ஆட்களை விரட்டிய வாய் அது. கட்டிலருகே உட்கார்ந்து உளியைக் கல்மேல் நிறுத்தினார். ஓங்கிய கை இறங்கவில்லை. துணியை எடுத்து அந்த இடத்தைத் துடைத்தார். துடைத்து முடித்த பிறகுதான் என்ன செய்கிறோம் என்பது உறைத்தது. துணியை ஜன்னல் வழியே வீசிவிட்டு அடித்தார்.

கட்டிலிலிருந்து குளியலறை வரை. அங்கிருந்து கூடத்தின் குறுக்கே வாசல் வரை. காலில் குத்தும் முனைகளை உரைத்து மழுக்கினார். தண்ணீர் ஊற்றி வெறுங்காலால் நடந்து பார்த்தார். வழுக்கவில்லை.

நிம்மதி வரும் என்று நினைத்திருந்தார். வரவில்லை. பல் பிடுங்கிய பொந்தை நாக்கு தேடுவது போல, எங்கே உட்கார்ந்தாலும் கண் அந்தக் கொத்தலுக்கே போயிற்று.

மகளுக்கு ஃபோன் போட்டு வரச் சொன்னார். அடுத்த நாள் அவள் அம்மாவைக் கூட்டிவந்தாள். வாசலில் நின்று தரையைப் பார்த்தவள், "அப்பா" என்றாள்.

மனைவி வாக்கரை உள்ளே ஊன்றி அழுத்திப் பார்த்தாள். நகரவில்லை. ஓர் அடி வைத்தாள். இன்னோர் அடி. மேஸ்திரி கையை நீட்டினார். அவள் வாக்கரை விடவில்லை. கூடத்தின் நடுவில், அன்று விழுந்த இடத்தில், நின்றாள்.

"நல்லாப் பிடிக்குது."

"பயமில்லாம நட."

அவள் நடக்கவில்லை. கொத்திய கல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னங்க."

"சொல்லு."

"அன்னைக்கு எனக்குக் கண்ணு உடனே மூடல. ஓடி வந்தீங்களே, முதல்ல எதைப் பார்த்தீங்க?"