கடற்சிறுத்தையின் முதல் ஓட்டம்

உலகக் கடற்படைகளின் வரலாற்றை எழுதப் போகிறவர்கள் இனி அதை இரண்டாகப் பிரித்துத்தான் எழுத வேண்டும்: தம்போய்க்கு முன், தம்போய்க்குப் பின். பாய்மரம் போயிற்று, நிலக்கரி போயிற்று, டீசலும் போய்க்கொண்டிருக்கிறது. ஓசையும் புகையும் இல்லாத மின்சாரப் போர்க்கப்பலின் யுகம் மலேசியாவின் ஜொகூர் மண்ணிலிருந்து புறப்பட்டுவிட்டது.

வழவழப்பான தாளில் அச்சிட்ட அறிமுக ஏடு இப்படித்தான் தொடங்கியது. எழுதியவர் தம்போய் ஊரில் பட்டறை வைத்திருந்த 'சாகரசக்தி மரின்' நிறுவனத்தின் நிர்வாக இயக்குநர் கில்பர்ட். பின்னட்டையை மாற்றும்படி அச்சகத்துக்குச் சொல்ல மறந்துவிட்டதால், அங்கே பழைய வாசகமே கிடந்தது: 'கோல்ஃப் வண்டிகள் பழுதுபார்க்கப்படும். பழைய பேட்டரிக்கு நல்ல விலை.'

அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்பது கில்பர்ட்டின் கட்சி. சாஆ என்ற ஊர்ப் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் பிறந்து, பாதி ஆயுளைக் கோல்ஃப் வண்டிகளுக்கு அடியில் மல்லாந்து கழித்தவர் அவர். ஒரு சிங்கப்பூர் முதலாளியையும் அவருடைய தொப்பையையும் சேர்த்து மின்சாரம் புல்மேட்டில் ஏற்றுகிறது என்றால், அதே மின்சாரம் ஒரு கப்பலைத் தண்ணீரில் தள்ளாதா? தண்ணீரில் மேடே கிடையாதே.

இந்தத் தத்துவத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, கோயில் மண்டபத்தில் எல்லாரும் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது அவர் விளக்கினார். கேட்டுக்கொண்டிருந்த மனைவியின் அண்ணன் மைக்கல், தினமும் பாலம் தாண்டிப் போய்ச் சிங்கப்பூர்க் கப்பல் பட்டறையில் வேலை பார்க்கிறவன், கோப்பையைக் கீழே வைத்தான்.

“கோல்ஃப் வண்டி மோட்டார வெச்சு யுத்தமா மச்சான்? எதிரி வந்தா, பதினெட்டாவது குழி எந்தப் பக்கம்னு கேட்டுட்டு போயிடுவான் லா.”

மண்டபமே சிரித்தது. ஃபாதர் கூட முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். அந்தச் சிரிப்பை அடைக்க கில்பர்ட்டுக்கு ஒரே வழிதான் இருந்தது. கடற்படைக்குப் புதுத் தொழில்நுட்பம் தேடும் தேர்வுக் குழு ஒன்று, முதல் கட்டத்தில் வரைபடங்களைப் பார்த்து அவரைத் தேர்ந்தெடுத்திருந்தது. வரைபடம் எதுவும் மூழ்கவில்லை. இரண்டாம் கட்டத்தில் நிஜப் படகு நிஜத் தண்ணீரில் ஓட வேண்டும். ஓடினால் தேசத்தின் ஒப்பந்தம். ஓடாவிட்டால் மறுபடியும் கோல்ஃப் வண்டிக்கு அடியில் மல்லாந்த வாசம், ஞாயிறுதோறும் மைக்கலின் சிரிப்பு, காப்பியோடு.

ஆகவே ஒரு படகு வந்தது. கடலையே பார்க்காத யோங் பெங்கில், ஒருவர் வீட்டுக் கொல்லையில் கோழி அடைத்து வைத்திருந்த பழைய மீன்பிடிப் படகு அது. சாம்பல் நிறச் சாயம் மூன்று பூச்சு அடித்து, முன்பக்கத்தில் தம்போய் பெயர்ப்பலகைக் கடைக்காரர் ஒட்டுப்பலகையில் செய்து கொடுத்த பீரங்கியை நிறுத்தி, 'கடற்சிறுத்தை' என்று பெயர் எழுதியாயிற்று. வெயில் ஏறினால் மட்டும் சிறுத்தை கோழி வாசம் அடித்தது.

மோட்டாரும் பேட்டரியும் வாசுகியின் பொறுப்பு. நிறுவனத்தின் ஒரே பொறியாளர் அவள். அறிமுக ஏட்டில் 'எங்கள் பொறியாளர் அணி' என்றிருந்தது அவளைத்தான். போன மாதச் சோதனையில் ஒரு மோட்டார் புகைந்து கருகியதிலிருந்து அவள் மிகவும் எச்சரிக்கையாகி, படகின் அடியில் தண்ணீரைத் தள்ளும் விசிறி சுழல்வதற்கு லேசாகத் தடை வந்தாலும் மோட்டார் தானாகவே நின்றுவிடும்படி அமைத்து வைத்திருந்தாள். ஜெல்லி மீன் உரசினால்கூட நின்றுவிடும் என்று கில்பர்ட்டிடம் எச்சரித்தும் இருந்தாள். ஜெல்லி மீன் வராது என்று கில்பர்ட் பொறுப்பேற்றுக்கொண்டார்.

ஓட்டத்துக்கு முந்தின ஞாயிறு ஃபாதர் வந்து படகை மந்திரித்தார். பேட்டரிப் பெட்டி மேல் மட்டும் தீர்த்தம் வேண்டாம் என்று வாசுகி கும்பிட்டுக் கேட்டதால், முக்கால்வாசித் தீர்த்தம் ஒட்டுப்பலகைப் பீரங்கிக்குப் போய்ச் சேர்ந்தது.

ஒரு கத்தோலிக்கனுக்கு அது போதும்தான். ஆனால் கில்பர்ட் தோட்டத்தில் வளர்ந்தவர். புது வண்டி எடுத்தால் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, நசுக்கிவிட்டுத்தான் கிளப்ப வேண்டும். இதில் மதம் எங்கே வந்தது? அது வாகனச் சட்டம். தன் வாழ்நாளில் ஒரே ஒரு காருக்குத்தான் அவர் பழம் வைக்காமல் விட்டார்; அந்தக் கார் இரண்டாவது வாரமே திருடு போய்விட்டது. மற்ற கார்கள் எல்லாம் பழம் நசுக்கியவை, எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன. இதைவிட ஒரு விஞ்ஞான நிரூபணம் உண்டா?

படகுக்குச் சக்கரம் கிடையாது என்பதுதான் சங்கடம். படுத்துக்கொண்டே வெகுநேரம் யோசித்தவர், எது சுழல்கிறதோ அதுவே சக்கரம் என்ற முடிவுக்கு வந்தார். ஓட்டத்தன்று விடிந்ததும், மாசாய் தாண்டி ஆற்றோரம் இருந்த வாடகைப் படகுத்துறைக்கு யாரும் வருவதற்கு முன் போய்ச் சேர்ந்தார். படகு இன்னும் கரையில் இழுவண்டி மேல்தான் இருந்தது. அடியில் மல்லாந்து படுத்தார். பழகிய கோணம். விசிறியின் மூன்று இதழ்களுக்கும் அதைத் தாங்கும் இரும்புக்கும் இடையே மூன்று எலுமிச்சம்பழங்களைச் செருகினார். தண்ணீரில் இறங்கும்போது பழம் நழுவிவிட்டால் சகுனம் கெட்டுவிடும் என்று, மஞ்சள் நைலான் கயிற்றால் சுற்றிச் சுற்றி, லாரியில் பலகை கட்டுகிற முடிச்சாகப் போட்டு இறுக்கினார். முதல் சுழற்சியில் மூன்றும் சட்னியாகிவிடும். வாசுகியிடம் சொல்லவில்லை. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு விஞ்ஞானத்தில் நம்பிக்கை அதிகம்.

படகைத் தண்ணீரில் இறக்கித் துறையில் கட்டிய பிறகு, காலை பத்து மணி போல தேர்வுக் குழுவின் மதிப்பீட்டாளர் வந்தார். கமாண்டர் சபாபதி, கடற்படையிலிருந்து ஓய்வு பெற்றவர். ஆயுளில் பெரும்பகுதியைக் கப்பல்களின் இயந்திர அறையில் கழித்தவர். அதிகம் பேசமாட்டார், எழுதவும் மாட்டார். கையெழுத்து மட்டும் போடுவார் அல்லது போடாமல் போவார் என்று கேள்வி. கூடாரத்தில் விருந்தினர் கூட்டம், அண்டாவில் பிரியாணி, அண்டாவுக்குக் காவலாக கில்பர்ட்டின் மனைவி ஜாக்லின். ஓரமாகக் கைகட்டி நின்றான் மைக்கல். ஒருநாள் விடுப்புப் போட்டுவிட்டுச் சிரிக்க வந்திருந்தான்.

கில்பர்ட் கழுத்துப்பட்டையோடு சுக்கானைப் பிடித்தார். பக்கத்தில் கமாண்டர். பின்னால் மடிக்கணினியோடு வாசுகி. கயிறு அவிழ்க்கப்பட்டது. கில்பர்ட் விசையை முன்னுக்குத் தள்ளினார்.

எந்தச் சத்தமும் வரவில்லை. படகு துறையை விட்டு மெல்ல விலகி, ஆற்றின் நடுவுக்கு வந்து, கடலை நோக்கி நகர ஆரம்பித்தது. கரையில் கைதட்டல் எழுந்தது. மைக்கல் கட்டியிருந்த கைகளை அவிழ்ப்பதை கில்பர்ட் கண்ணாரப் பார்த்தார். பிறவிப் பயன் என்பது இதுதானா என்றுகூட நினைத்தார்.

கமாண்டர் குனிந்து தளத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். அதிர்வில்லை. காதை வைத்துப் பார்த்தார்.

“ஒண்ணுமே கேக்கல,” என்றார்.

“அதான் சார் எங்க டெக்னாலஜி,” என்றார் கில்பர்ட். அதன் பிறகு ஓசையற்ற உந்துவிசையைப் பற்றி ஒரு சொற்பொழிவு ஆற்றினார். எதிரியின் எந்தக் கருவியாலும் இந்தக் கப்பலைக் கேட்க முடியாது, சூட்டை வைத்தும் கண்டுபிடிக்க முடியாது, ஏனென்றால் மோட்டார் சூடாவதே இல்லை என்றார். ஒவ்வொரு சொல்லும் அப்போதைக்கு உண்மை.

பாதிப் பேச்சில் சட்டைப் பையில் கைப்பேசி அதிர்ந்தது. இரண்டடி பின்னால் உட்கார்ந்திருந்த வாசுகியிடமிருந்து வந்த செய்தி.

'பாஸ், மோட்டார் ஓடல. ஆன் பண்ண ஒடனே நின்னுருச்சு. தண்ணி வத்துது, அதுதான் நம்மள இழுத்துட்டு போவுது.'

கில்பர்ட் அதை இரண்டு முறை படித்தார். பிறகு, ஒரு தலைவனுக்கே உரிய நிதானத்தோடு பதில் அனுப்பினார்: 'யார்கிட்டயும் சொல்லாத. சிரி.'

வாசுகி சிரித்தாள். அன்று முழுவதும் அந்தச் சிரிப்பை அவள் முகத்திலிருந்து யாரும் எடுக்கவில்லை.

உந்துவிசை இல்லாத படகுக்குச் சுக்கான் அலங்காரம்தான். கடற்சிறுத்தை மெதுவாகத் திரும்பி, விலா எலும்பை முன்னே காட்டிக்கொண்டு, பக்கவாட்டில் போகத் தொடங்கியது. கமாண்டர் புருவத்தை உயர்த்தினார். பக்கவாட்டு நகர்வு இதன் சிறப்பு அம்சம் என்று கில்பர்ட் விளக்கினார். குறுகிய நீரிணைகளில் இது எதிரியைக் குழப்பும். சற்று நேரத்தில் சிறுத்தை இன்னும் கொஞ்சம் சுழன்று பின்புறமாகப் போயிற்று.

“பின்னாலயும் போவுமா?”

“எல்லா பக்கமும் போகும் சார்.”

“வேகம் கொஞ்சம் கம்மியா இருக்கே.”

“சிக்கன மோட் சார். பேட்டரி பாருங்க, ஒரு பர்சென்ட் கூட குறையல.”

கமாண்டர் திரையில் பார்த்தார். குறையவில்லைதான். இப்படி ஒரு சிக்கனத்தைத் தன் சேவைக் காலத்தில் பார்த்ததில்லை என்று வாய்விட்டுச் சொன்னார். கில்பர்ட்டுக்குப் பயம் கரைந்து, அந்த இடத்தில் பழைய கர்வம் வந்து உட்கார்ந்தது. ஓடாமலே இவ்வளவு பேர் வாங்குகிற படகு, ஓடினால் என்ன வாங்கும்!

ஆற்றின் வளைவில், தூண்கள் மேல் நின்ற ஒரு கடலுணவுக் கடையின் படித்துறையில் சிறுத்தை போய்ச் செல்லமாக முட்டியது. பணியாள் ஒருவன், தினமும் போர்க்கப்பல் வருவது போல, கயிற்றை வாங்கிக் கட்டினான். இதுதான் திட்டமிட்ட நிறுத்தம், மதியச் சாப்பாடு இங்கேதான் என்று கில்பர்ட் அறிவித்தார். உடனே ஜாக்லினிடமிருந்து அழைப்பு வந்தது.

“எங்கங்க இருக்கீங்க? பிரியாணி ஆறிப் போவுது. மைக்கலண்ணன் ரெண்டாவது தட்டு சாப்புடுறாரு.”

“சாப்பிடட்டும். நாங்க நண்டு சாப்பிடுறோம். தேசிய விஷயம்,” என்று சொல்லி கில்பர்ட் வைத்தார்.

தளத்தின் ஓரத்து மேசையை அவரே தேர்ந்தெடுத்தார். கமாண்டருக்கு ஆற்றைப் பார்த்த நாற்காலி. கப்பலின் கம்பீரம் சாப்பிடச் சாப்பிடக் கண்ணில் பட வேண்டும். நண்டு வந்தது. கமாண்டர் கையெழுத்துப் போட வேண்டிய பரிந்துரைத் தாள் மேசைக்கு வந்தது. கமாண்டர் கையைத் துடைத்துக்கொண்டு பேனாவின் மூடியைத் திறந்தவர், ஆற்றைப் பார்த்துவிட்டு மூடினார்.

“மிஸ்டர் கில்பர்ட், நான் என்ஜின் ரூம்லயே காத தொலைச்சவன். இவ்ளோ அமைதியா ஓடுன ப்ரொப்பெல்லர ஒரு தடவயாவது கண்ணால பாக்கணும். தண்ணிதான் எறங்குதே, இன்னும் கொஞ்ச நேரத்துல வெளிய தெரியும். பாத்துட்டு போடறேன்.”

கில்பர்ட் சந்தோஷமாகத் தலையாட்டினார். நிற்கிற விசிறி நிற்கிற விசிறிதான். அது ஓடி நின்றதா, ஓடாமலே நின்றதா என்று எந்தக் கமாண்டராலும் சொல்ல முடியாது. இதைவிட நல்ல யோசனை தனக்கே தோன்றியிருக்காது. தாராளமாகப் பாருங்கள், பக்கத்தில் நின்று படம்கூட எடுத்துக்கொள்ளலாம் என்று உபசரித்தார்.

அப்போது பரிமாறும் பெண் கமாண்டர் கேட்டிருந்த பானத்தைக் கொண்டுவந்து வைத்தாள். ஐஸ் லிமாவ். கண்ணாடிக் கோப்பையில், பனிக்கட்டிகளுக்கு நடுவே, பாதி எலுமிச்சை மிதந்து ஆடியது.

கில்பர்ட்டின் வாயிலிருந்த நண்டு விழுங்கப்படாமல் அங்கேயே நின்றது.

ஆற்றைப் பார்த்தார். தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. காலையிலிருந்து தன்னைச் சுமந்து வந்த அதே தண்ணீர், இப்போது அவசரமே இல்லாமல் சிறுத்தையின் பாவாடையைத் தூக்கிக்கொண்டிருந்தது. சேறு தெரிந்தது. சுக்கானின் மேல் பாதி தெரிந்தது.

“சார், ஒங்க மேல வெயில் அடிக்குது. இந்த பக்கம் வந்து உக்காருங்க.”

“பரவால்ல தம்பி. கப்பல பாத்துக்கிட்டே சாப்புடுறேன்.”

“உள்ள ஏர்கோன் இருக்கு சார்.”

“காத்து நல்லா இருக்கு இங்க.”

கில்பர்ட் எழுந்து கமாண்டருக்கும் ஆற்றுக்கும் நடுவில் நின்று, நாட்டின் தொழில்நுட்ப எதிர்காலத்தைப் பற்றி அகலமாகக் கைகளை விரித்துப் பேசிப் பார்த்தார். கமாண்டர் நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்திக்கொண்டார். கில்பர்ட்டும் நகர்ந்தார். பேச்சு நீண்டது, தண்ணீருக்கு அதில் அக்கறை இல்லை. வாசுகி இன்னும் சிரித்துக்கொண்டேதான் இருந்தாள், ஆனால் தளத்தின் விளிம்பில் எட்டிப் பார்த்த அவள் கண்கள் மட்டும் பெரிதாகி, கில்பர்ட்டின் பக்கம் மெதுவாகத் திரும்பின.

கமாண்டர் ஐஸ் லிமாவை ஒரு மடக்குக் குடித்து வைத்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, பேனாவோடு எழுந்து, கில்பர்ட்டைச் சுற்றிக்கொண்டு போய்க் கம்பியைப் பிடித்துக் குனிந்தார்.

விசிறி முழுதாக வெளியே தெரிந்தது. மஞ்சள் நைலான் கயிற்றில் மூன்று எலுமிச்சம்பழங்கள் இருந்தன. ஒன்றுகூட நசுங்கவில்லை.