கட்டிலுக்கு விட்ட இடம்

பதினோராவது முறையும் எஞ்சின் அதே இடத்தில்தான் தடம்விட்டு இறங்கியது. மூன்றாவது பாயிண்டில் கிளைப்பாதைக்குத் திரும்பும்போது முன்சக்கரங்கள் வளைவுக்குள் போய்விடும். நடுச்சக்கரம் தண்டவாளத்தின் மேல் ஏறும். பிறகு என் உள்ளங்கை நீளமுள்ள அந்த எஞ்சின் பக்கவாட்டில் சாய்ந்து நிற்கும். மோட்டார் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். நைட் ஷிப்ட் முடிந்து வந்து குளித்திருந்தேன். தூக்கம் வரவில்லை. எஞ்சினை எடுத்து மறுபடியும் தடத்தில் வைத்தேன்.

இது என் மனைவி இசைப்பிரியாவின் ரயில். இரண்டு ஸ்டூல்களின் மேல் ஒரு பிளைவுட் பலகை. மூன்றரை அடிக்கு இரண்டடி. அதன் மேல் ஒன்பது மில்லிமீட்டர் அகலத்தில் தண்டவாளம், ஒரு சுற்று, வண்டி ஒதுங்கி நிற்க ஒரு லூப் லைன், ஒரு சரக்குப் பாதை. ஒரு தடத்திலிருந்து இன்னொன்றுக்கு வண்டியைத் திருப்ப நான்கு பாயிண்டுகள். அவள் அப்பா கலியமூர்த்தி மாமா குறிஞ்சிப்பாடி ஸ்டேஷனில் பாயிண்ட்ஸ்மேனாக இருந்து ஓய்வுபெற்றவர். அந்த ஸ்டேஷனைத்தான் அவள் வரைந்திருந்தாள். சுரங்க நகரியத்தில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தாள். அதனால் எல்லாவற்றுக்கும் ஆரம் போட்டு, கோணம் போட்டு, கோடு போட்ட நோட்டில் வரைந்து வைத்திருந்தாள். நான் சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் பராமரிப்பில் இருக்கிறேன். தடம் ஒட்டும்போது ஏதாவது யோசனை சொன்னால், "நீங்க பெல்ட்டுக்காரரு. பெல்ட்டு நேரா போவும். வளைவுல பேசாதீங்க" என்பாள். அத்துடன் பேச்சு முடிந்துவிடும்.

எஞ்சினை முதலில் வாங்கினோம். அப்போது பலகை இல்லை. ஹாலின் நீளச் சுவர் பத்தடி காலியாக இருந்ததால், ஆறு சக்கர ஜோடி உள்ள நீளமான எஞ்சினைத் தேர்ந்தெடுத்தாள். பெரிய பாயிண்டுகளையும் பட்டியல் போட்டாள். சம்பளம் வந்ததும் ஆர்டர் சொல்லலாம் என்று வைத்திருந்தாள். அந்த ஜனவரியில் காய்ச்சல் வந்தது. பிப்ரவரியில் அதற்குப் பெயர் சொன்னார்கள். மந்தாரக்குப்பத்தில் வாடகைக்கு எடுத்த இரும்புக் கட்டில் ஹாலுக்கு வந்தது. சுவரில் மிஞ்சியது மூன்றரை அடி. அவள் படுத்தபடியே வேறு படம் வரைந்தாள். மூன்றரை அடிக்குள் வளையும்படி சின்ன பாயிண்டுகளை வரவழைத்தாள். இந்த எஞ்சின் அந்த வளைவில் போகாது என்று நான் சொல்லவில்லை. எனக்கும் தெரியாது. அவளுக்குத் தெரியாமல் போனது எப்படி என்று பிறகு பலமுறை யோசித்திருக்கிறேன். ஒரு கணக்கு டீச்சர் இப்படித் தப்புவிட மாட்டாள். மருந்து மயக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஜூலையில் இறந்தாள். கட்டிலை மறுநாளே ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். தடத்தை நான் ஒட்டி முடிக்க ஆறு மாதம் ஆனது. மாமா ஒருமுறை குனிந்து பார்த்தார். "இது இன்னா பாயிண்டா, பல்லு குத்துற குச்சியா" என்றார். பிறகு சரக்குப் பாதையை விரலால் தொட்டு, இங்கேதான் உர வேகன் நிற்கும் என்றார். அதற்குப் பிறகு அவர் குவார்ட்டர்ஸ் பக்கம் வரவில்லை.

அத்தை, இசையின் அம்மா, மட்டும் வருவார். இசை போனது வியாழக்கிழமை. அவர்கள் வீட்டு வழக்கப்படி, வருசம் திரும்பும்வரை வியாழன்தோறும் தலை இருந்த இடத்தில் விளக்கு ஏற்ற வேண்டும். படுத்திருந்த இடத்தில் எதையும் வைக்கக்கூடாது, மிதிக்கவும் கூடாது. காலை ஏழரைக்குக் குறிஞ்சிப்பாடியில் பஸ் ஏறுவார். மணி ஒன்பதுக்குக் கையில் எண்ணெய்ப் பாட்டிலோடு கதவைத் தட்டுவார். நானும் ஏழு மாதமாகச் சுவரை ஒட்டிய அந்த ஆறடியைச் சுற்றித்தான் சமையலறைக்குப் போகிறேன். ஷிப்ட் முடிந்து கண் சொருகினாலும் கால் தானாகச் சுற்றிப் போகிறது.

முந்தின நாள்தான் சடையப்பனுக்குப் போன் செய்திருந்தேன். கோயம்புத்தூரில் வீட்டிலிருந்தபடியே இந்தச் சாமான்களை விற்பவர். இசை எல்லாவற்றையும் அவரிடம்தான் வாங்கினாள். எஞ்சின் இறங்குவதைச் சொன்னேன். இறங்கத்தான் செய்யும், இந்த எஞ்சினுக்குப் பெரிய பாயிண்ட் வேணும், அதுக்குக் குறைந்தது ஆறடிப் பலகை வேணும் என்றார். இல்லையென்றால் நான்கு சக்கரச் சின்ன எஞ்சின் ஒன்று இருக்கிறது, இதே வளைவில் ஓடும் என்றார். மாதக் கடைசியில் மகனோடு வெளிநாடு போகிறார், அதற்குள் சொல்ல வேண்டும். நான் யோசிப்பதாகச் சொன்னேன். அவர் போனை வைக்கவில்லை.

"சார், நீங்க கேப்பீங்கன்னு மேடம் சொல்லியிருந்தாங்க. நாலு பெரிய பாயிண்ட் தனியா எடுத்து வெச்சிருக்கேன்."

அவள் எழுதியதை எனக்கு அனுப்பினார். மூன்று வரி. இப்போதைக்குச் சின்ன பாயிண்ட் அனுப்புங்க சார், கட்டில் போட்டிருக்கோம், இடம் இல்ல. கட்டில் போனப்புறம் இடம் கெடைக்கும், அப்ப என் வீட்டுக்காரர் கேப்பார், பெருசு மாத்திக் குடுங்க. நான் சொன்னேன்னு அவர்கிட்ட இப்ப சொல்ல வேணாம்.

தேதி மார்ச் பதினாலு. பாண்டிச்சேரியில் டாக்டர் என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டு, இனி வைத்தியம் இல்லை என்று சொன்னது மார்ச் பதினாறு. அதை நான் மாமா அத்தையிடம் மட்டும் சொன்னேன். அவளிடம் மறைத்தோம். ரத்தம் கம்மி, ஏற்றினால் சரியாகிவிடும் என்று மூன்று பேரும் ஒரே மாதிரி சொன்னோம். அவள் தலையாட்டினாள். ஜூன் மாதம் எந்த வகுப்பு கிடைக்கும் என்று பேசினாள். நாங்கள் வெளியே வந்து நிம்மதிப்பட்டோம்.

அத்தைக்கு மிஞ்சியிருப்பது அந்த நிம்மதி ஒன்றுதான். விளக்கேற்றிவிட்டு உட்காரும்போதெல்லாம் அதைச் சொல்வார். "கடசி வரைக்கும் எம்பொண்ணுக்கு ஒண்ணும் தெரியாது தம்பி. நல்லாயிடுவோம்னு நெனச்சிகினேதான் போச்சி. அது போதும் எனக்கு."

இன்றும் சொன்னார். திரி எரிந்துகொண்டிருந்தது. ஜனவரிப் பனிக்கு வாங்கிய சால்வையைத் தலையோடு போர்த்தியிருந்தார். நான் எஞ்சினைக் கையில் வைத்துக்கொண்டு, பலகையை இந்தப் பக்கம் நீட்டிப் போடலாமா என்று கேட்டேன்.

அத்தை திரியைத் தூண்டிவிட்டார். விளக்கைப் பார்த்தார். உள் அறையில் போடக்கூடாதா என்றார். அங்கே பீரோவும் கட்டிலும் போக மூன்றடிகூட இல்லை என்றேன். அப்படியானால் வருசம் திரும்பட்டும் என்றார். விற்பவர் மாதக் கடைசியில் போகிறார் என்றேன்.

"அவ படுத்துகினு இருந்த எடங்க அது. அது மேல பலக போட்டு ரயிலு வுடணுங்கிறீங்க. ஊர்ல கேட்டா இன்னா சொல்வாங்க. எனக்கே எப்பிடியோ இருக்குது."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. அதனால் மறுத்துப் பேச முடியவில்லை. சட்டைப்பையில் போன் இருந்தது, அதில் அவள் எழுதிய மூன்று வரி. எடுத்து நீட்டினால் அந்த இடம் எனக்குக் கிடைத்துவிடும். அவருக்கு வியாழக்கிழமைகளில் சொல்லிக்கொள்ள ஒன்றும் இருக்காது. சின்ன எஞ்சினை வாங்கிவிடலாம், அவள் வாங்கியதைப் பெட்டியில் வைத்துவிடலாம் என்றும் தோன்றியது. ஆனால் அவள் நான் கேட்பேன் என்று எழுதியிருந்தாள்.

"இசைதான் பெருசு வேணும்னு கேட்டிருந்தா" என்றேன்.

"எப்ப?"

"போன வருசப் பொங்கலப்போ. கட்டில் வர்றதுக்கு முன்னாடி."

அத்தை என்னைப் பார்த்தார். பிறகு பலகையைப் பார்த்தார். சின்ன பாயிண்டுகளை ஒவ்வொன்றாக, மாமா பார்த்த மாதிரியே குனிந்து பார்த்தார்.

"கட்டிலு வர்றதுக்கு முன்னாடி இங்க எடம் இருந்துச்சே தம்பி. அப்பறம் ஏன் விக்கிறவரு கிட்ட கேட்டு மட்டும் வெக்கணும்? அப்பவே பெருசா வாங்கியிருக்கலாமே."

சம்பளம் என்று ஏதோ ஆரம்பித்தேன். பாதியில் நிறுத்திக்கொண்டேன். வெளியே பக்கத்துக் குவார்ட்டர்ஸில் யாரோ பைக்கை உதைத்துக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது உதைக்குக் கிளம்பியது. அத்தை சால்வையைத் தலையிலிருந்து இறக்கி மடித்தார். இன்னொரு கேள்வி வரும் என்று காத்திருந்தேன். கேட்டிருந்தால் போனைக் கொடுத்திருப்பேன். அவர் கேட்கவில்லை. எழுந்து சமையலறைக்குப் போனார், குழாய் திறக்கும் சத்தம் கேட்டது, வெகுநேரம் மூடவில்லை.

திரும்பி வந்தபோது முகம் ஈரமாக இருந்தது. விளக்கருகே உட்கார்ந்து, எண்ணெய் சிந்தாமல் அதை இரண்டு கையாலும் தூக்கி, சாமி அலமாரியின் கீழ்த்தட்டில் வைத்தார். திரி அணையவில்லை.

"அளந்து பாருங்க" என்றார்.

வேலைக்கு எடுத்துப் போகும் பையிலிருந்து டேப்பை எடுத்தேன். வெறுங்காலாலும் அந்த இடத்தை எப்படி மிதிப்பது என்று தெரியாமல் ஓரத்தில் நின்றேன். அத்தை டேப்பின் நுனியை என்னிடமிருந்து வாங்கினார். நேராக நடந்து போய், சுவர் மூலையில் மண்டியிட்டு, நுனியைத் தரையோடு சேர்த்துக் கட்டைவிரலால் அழுத்தினார். நான் பலகை விளிம்புவரை இழுத்தேன். மஞ்சள் நாடா எங்கள் இருவருக்கும் நடுவில் தரையில் படிந்தது.

"எவ்ளோ வருது?"

"ஆறடி அஞ்சு அங்குலம்."

தலையை நிமிர்த்தாமல் கேட்டுக்கொண்டார். அளந்தாயிற்று, விட்டுவிடலாம் என்றேன். நகம் வெளுக்க அழுத்திய விரலை அவர் எடுக்கவில்லை.